மீன்தொட்டிக்காகச் செத்தவன்

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவனைச் சில்லு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி என்பதாலா, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூள் தூளாக்கினான் என்பதாலா என்று கேட்டால், இரண்டும்தான் என்பார் கடை முதலாளி. உடைத்தது அந்த ஒன்றே ஒன்றுதான். அதன் பிறகு அவன் கையில் கண்ணாடி உடைந்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை யார் என்று கேட்ட பெண்வீட்டு ஆட்களிடம்கூட, "அதோ நிக்கிறானே, சில்லு" என்றுதான் கடைக்காரர்கள் கை காட்டினார்கள்.

வேலையில் அவன் சுத்தம். மேசையில் பழைய கம்பளத்தை விரித்து, கண்ணாடியைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தி, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுப்பான். பாதியில் நிறுத்தினால் கோடு கோணும். பிறகு மேசை விளிம்புக்கு நகர்த்தி, கோட்டுக்குக் கீழே லேசாகத் தட்டி, இரண்டு கையாலும் ஓர் அழுத்து. கண்ணாடி சொன்னபடி கேட்கும். ஜன்னல், அலமாரிக் கதவு, போட்டோ ஃப்ரேம், மீன்தொட்டி என்று எதுவானாலும் செய்வான். மீன்தொட்டி மட்டும் கடையில் அவனைத் தவிர வேறு யாருக்கும் ஒழுகாமல் ஒட்ட வராது.

வீடு என்றால் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். ஆனால் வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகள் சுவரெல்லாம் தொங்கின. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் மூஞ்சியே உங்களை முறைக்கும். மனைவி ஒரு தையல் கூடத்தில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறவள். முடியாத வேலையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவாள். மகள் பக்கத்துத் தெரு அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் பாப்பா.

சில்லு ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. பெற்றோர் கூட்டத்தை மத்தியான வேளையில் வைப்பார்கள். முதலாளியிடம் அனுமதி கேட்டால், "நீ போய் உக்காந்தாதான் உன் பொண்ணு பாஸாவாளா?" என்பார். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று அவன் மனைவியை அனுப்பிவிடுவான். ஆகப் பள்ளிக்கூடத்தில் அவன் முகம் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் வினையானது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு கொடுத்தது சுவர், கூரை, கரும்பலகை, டீச்சர். மற்றதெல்லாம் ஊரார் புண்ணியம். ஒவ்வொரு வகுப்புக்கும் வருஷத்துக்கு ஒரு திட்டம் உண்டு. இரண்டாம் வகுப்பில் காய்கறித் தோட்டம், நாலாம் வகுப்பில் பொம்மலாட்ட மேடை, ஐந்தாம் வகுப்பில் மழை அளக்கும் கருவி. யார் வகுப்புக்கு எது வரும் என்பது அந்தந்த டீச்சரின் சாமர்த்தியம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். டீச்சர்கள் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். கொடுக்கிறவர்களோ ஆளுக்கொரு தினுசு. மருந்துக் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் அதில் தன் கடைப் பெயர் தெரிய வேண்டும். பெயிண்ட் கடைக்காரர் காய்ந்துபோன டப்பாக்களைத்தான் கொடுப்பார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று டீச்சர்கள் அதையும் வாங்கிக்கொண்டு, குச்சியால் கிளறிப் பார்ப்பார்கள்.

எல்லோரிலும் பெரிய கை மரக்கடைக்காரர். கொடுத்தால் அள்ளிக் கொடுப்பார். ஆனால் அவருக்கு ஒரு விரதம். சின்ன வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர் அவர். அதனால் அப்பா இல்லாத பிள்ளை இருக்கிற வகுப்புக்குத்தான் கொடுப்பார். அந்தப் பிள்ளை முன்னால் வந்து நின்று, தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு பொருள் இறங்கும்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மீன்தொட்டி வேண்டும். உயிருள்ளதைப் பார்த்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும், எழுத வேண்டும், வரைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. டீச்சர் கெட்டவர் இல்லை. தன் சம்பளத்தில் பென்சில் வாங்கிக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். ஆனால் பிள்ளைகளுக்காகக் கை நீட்டி நீட்டிப் பழகியவருக்கு, எதை நீட்டலாம் எதை நீட்டக் கூடாது என்கிற கணக்கு தப்பிவிட்டது.

அந்த வருஷம் பார்த்து மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் அப்பா இருந்தார்கள்.

"ஒருத்தன் குடிகாரன், ஒருத்தன் ஓடிப்போனவன், ஒருத்தன் ஜெயில்ல இருக்கான். செத்தவன் மட்டும் ஒருத்தன்கூட இல்லை. என் ராசியைப் பாருங்க!" என்று டீச்சர் ஆசிரியர் அறையில் அலுத்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நாலாம் வகுப்பு டீச்சரிடம் போன வருஷத்து அநாதைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துச் சில்லுவுக்கு ஆள் வந்தது. டீச்சர் கூப்பிடுகிறார், உடனே வர வேண்டும். பாப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று கையில் ஒட்டிய சிலிகான் பசையோடு ஓடினான். டீச்சர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. விளிம்பில் உட்கார்ந்தான்.

"உங்க பொண்ணு நல்லாப் பேசுறா. கணீர்னு குரல். அவளாலதான் இது முடியும்," என்று ஆரம்பித்து டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

சில்லுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. "தொட்டிதானே டீச்சர்? அதுக்கு எதுக்கு இவ்வளவு? மிஞ்சுன கண்ணாடி இருக்கு, நானே ஒரு ஞாயித்துக்கிழமை ஒட்டிக் கொடுத்துடறேன்."

"உங்க தொட்டியில தொட்டி மட்டும்தாங்க வரும். அவர் கொடுத்தா தொட்டி, பம்பு, மீன், வைக்க மேசை எல்லாம் வரும். மனசு குளிர்ந்தா ஃபேன் வரும், தரைக்கு டைல்ஸ் வரும். உங்க பொண்ணு மட்டுமா, எல்லாப் புள்ளைங்களும் வேர்க்காம உக்காரலாம். ஒரு நாள், ஒரே ஒரு பேச்சு. உங்களை இங்க யாருக்கும் தெரியாது, அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். பாப்பா கதவோரம் நின்றிருந்தாள். சொல்கிறவள்தான் மீனுக்குத் தீனி போடும் பொறுப்பாளி என்று டீச்சர் அவளிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவள் கண்ணால் கெஞ்சினாள். சில்லுவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. படித்தவர்களிடம் சொல்லவே வராது. மகளிடம் சொன்னதே கிடையாது. படித்தவரும் மகளும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அவன் என்ன செய்வான்?

"சொல்லட்டும் டீச்சர். சொன்னா செத்தா போயிடுவேன்?" என்றான்.

வீட்டில் மனைவி கேட்டதும் ஊசியைக் கீழே வைத்தாள். "உசுரோட இருக்கிற மனுஷனைச் சாகடிச்சுத்தான் மீன் வளக்கணுமா? உங்களுக்கு வெக்கமா இல்லை?"

"ஒரு பேச்சுக்குத்தானே."

"அப்ப அந்த டீச்சர் அவங்க வீட்டுக்காரரைச் சொல்லிக்கட்டும்."

அவள் அதோடு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஆகப் பாப்பாவுக்கு ஒத்திகை பார்க்கிற வேலை அப்பன் தலையிலேயே விழுந்தது. செத்தவனே சாவுக்கு ஒத்திகை பார்த்த அதிசயம் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. பாப்பா சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று, "எனக்கு அப்பா இல்லை!" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னாள்.

"அப்பா செத்தவ இப்படியா இளிச்சுக்கிட்டு சொல்லுவா? தலையைக் குனி. மெதுவாச் சொல்லு."

"எனக்கு... அப்பா... இல்லை."

"ஆங், அப்படி. நடுவுல கொஞ்சம் நிறுத்து."

"அவர் எப்படிச் செத்தார்னு கேட்டா?"

சில்லு யோசித்தான். "கண்ணாடி விழுந்துன்னு சொல்லிடு."

சமையல்கட்டிலிருந்து ஒரு கரண்டி பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. அப்பனும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் காய்ச்சல் என்று முடிவாயிற்று. அன்று அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நினைத்தால் வயிறு எரிகிறது.

மரக்கடைக்காரர் வந்த நாளில் சில்லு கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் பாப்பா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாளாம். மரக்கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுதாராம். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடும்மா" என்றாராம். தொட்டியில் ஆரஞ்சு மீன், கறுப்பு மீன், வால் பெரிய மீன். தீனி டப்பா அவள் பொறுப்பு.

"கூப்பிட்டியா?" என்றான் சில்லு.

"கூப்பிட்டாதானே ஃபேன் வரும்?"

ஃபேன் வந்தது. டைல்ஸ் வந்தது. புத்தக அலமாரி வந்தது. மூன்றாம் வகுப்பைப் பார்க்க மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றினார்கள். மரக்கடைக்காரர் அடிக்கடி வந்தார். ஒவ்வொரு தடவையும் பாப்பாவுக்கு ஏதாவது கையில் இருக்கும், ஒரு தடவை உடுப்பு, ஒரு தடவை கலர் பென்சில். ஒரு நாள் என்று டீச்சர் சொன்னது ஒரு வருஷமாக நீண்டது. புலிவாலைப் பிடித்தவன் விட முடியுமா? பாப்பாவுக்கு அப்பா இருக்கிறார் என்று தெரிந்தால் மரக்கடைக்காரர் மீனை மட்டுமா எடுத்துக்கொண்டு போவார், தரையைப் பெயர்த்துக்கொண்டு போவாரே என்று டீச்சர் பயந்தார். வகுப்பில் எல்லோரிடமும் இது நம் வகுப்பின் ரகசியம் என்று சொல்லிச் சத்தியம் வாங்கினார்.

பிள்ளைகள் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. சில்லு சைக்கிளில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு போனால், "டேய், செத்தவர் வர்றாருடா!" என்று தெருவில் விளையாடுகிற பயல்கள் கத்திவிட்டு ஓடுவார்கள். கடையிலும் செய்தி பரவிவிட்டது. டீ வந்தால், "சில்லுவுக்கு எதுக்குடா? போய்ச் சேந்தவனுக்கு டீ இறங்குமா?" என்று அவன் பங்கையும் குடிப்பார்கள். சில்லுவும் கூடச் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார்களே.

ஒருநாள் மரக்கடையிலிருந்து ஓர் ஆள் பெரிய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டுத் தரச் சொன்னான். மரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பாப்பா. பின்னால் மீன்தொட்டி. கீழே, தந்தையை இழந்த மாணவியுடன் என்று அச்சடித்திருந்தது. முதலாளி அதைச் சில்லுவின் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கல்லாவுக்குப் போனார். அந்த மனுஷன் சும்மா இருந்த ஒரே சமயம் அதுதான். சில்லு அளவெடுத்தான், வெட்டினான், பாப்பாவின் முகத்தில் விரல் ரேகை படாமல் துணியால் துடைத்தான், பின்பக்கம் அட்டை வைத்து ஆணி அடித்தான். கேட்டது சாதாரணக் கண்ணாடி. அவன் நல்ல கண்ணாடியாகப் பார்த்துப் போட்டான். மகள் முகம் அலை அலையாகத் தெரியக் கூடாது இல்லையா?

எல்லாவற்றையும் அவன் ஒரே ஒரு நம்பிக்கையில் தாங்கினான். வருஷம் முடிந்தால் பாப்பா நாலாம் வகுப்பு போய்விடுவாள். அங்கே வேறு டீச்சர், வேறு திட்டம், வேறு அநாதை. பாப்பா அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். கொஞ்ச நாளாக ஒரு விஷயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் தெருவில் அவனைக் கண்டால் பாப்பா ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொள்வாள். பிறகு யாராவது பார்த்து மரக்கடைக்காரரிடம் சொல்லிவிடுவார்கள் என்று, "நீ அந்தப் பக்கமாப் போப்பா" என்றாள். அவனும் எதிர்ச்சாரியில் போனான். முதலில் தூரத்திலிருந்து கண்ணடிப்பாள். அப்புறம் அதுவும் நின்றது. பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போக அவள் நன்றாகவே பழகிக்கொண்டாள்.

"வருஷம் முடியட்டும்," என்றான் மனைவியிடம்.

"முடிச்சிட்டுத்தான் விடுவீங்க," என்றாள் அவள்.

வருஷம் முடிகிற சமயத்தில்தான் தொட்டி விரிசல் விட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, மரக்கடைக்காரர்தான் தலைமை. வெள்ளிக்கிழமை மேசையை நகர்த்தும்போது ஓர் இடி இடித்துப் பக்கக் கண்ணாடி கீழிருந்து மேலாகக் கீறிக்கொண்டது. டீச்சர் தலைதெறிக்கக் கண்ணாடிக் கடைக்கு ஓடிவந்தார். சில்லுவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வேற ஆள் யாரும் இல்லையா?"

"தொட்டி வேலைக்கு இவன்தாம்மா," என்றார் முதலாளி. "மத்தவன் ஒட்டுனா திங்கட்கிழமை உங்க தலைவர் மடியில தண்ணி நிக்கும்."

வேறு வழியில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, மரக்கடைக்காரர் வெளியூரில் இருக்கிறார், வந்தால் வேலையை முடித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் போய்விட வேண்டும் என்று டீச்சர் பத்துத் தடவை சொன்னார். சில்லுவுக்கு அது காதில் ஏறவே இல்லை. பாப்பாவின் வகுப்பைப் பார்க்கப் போகிறான்! அன்று காலை சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். பசை வேலைக்குத் துவைத்த சட்டையா என்று மனைவி கேட்டாள். ஆனால் இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

மீனைப் பார்த்துக்கொள்ளப் பாப்பாவும் கூட வந்தாள். மீன்கள் வாளியில் இருந்தன. டீச்சர் கண்காட்சிக்கு அட்டைகள் ஒட்ட அடுத்த அறையில் இருந்தார். வகுப்பில் இவர்கள் இருவர் மட்டும். யாரும் இல்லை என்றதும் பாப்பாவுக்குப் பழைய வாய் திரும்பியது.

"அப்பா, இதுதான் என் இடம். அப்பா, அந்த ஃபேனைப் போடவா? அப்பா, இந்தக் கறுப்பு மீன் மத்ததையெல்லாம் விரட்டும், அப்பா. நான்தான் அதைத் திட்டுவேன்."

சில்லு பிளேடால் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தான். அவன் வாழ்க்கையில் அவனுக்கு யாரும் நன்கொடை கொடுத்ததில்லை. அந்தக் காலை நேரம் யாரோ கொடுத்த நன்கொடை போல இருந்தது. விளிம்புகளைத் துடைத்து, சிலிகான் துப்பாக்கியால் அறுபடாமல் ஒரு கோடு பசை இழுத்து, புதுக் கண்ணாடியைப் பொருத்தி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தான். பசை பிடிக்கும்வரை விடக் கூடாது. பிறகு டேப் போட்டுக் கட்டிவிட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். டேப் பாப்பா கையில் இருந்தது.

"நான் சொல்றப்ப கிழிச்சுக் கொடும்மா," என்றான்.

அப்போதுதான் அவள், "அப்பா!" என்று கத்தினாள்.

"என்னம்மா?" என்றான் சில்லு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னம்மா?" என்றது இன்னொரு குரல், வாசலிலிருந்து.

மரக்கடைக்காரர் நின்றிருந்தார். தொட்டி உடைந்த செய்தி எட்டி, பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார் மனுஷன். அவ்வளவு பாசம். பாப்பா ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள். டேப்பும் அவளோடு போய்விட்டது.

மரக்கடைக்காரர் சில்லுவைப் பார்த்துச் சிரித்தார். "உன்னைக் கூப்பிடலப்பா. என்னைக் கூப்பிடுறா. யாரும்மா இவரு?"

"கண்ணாடிக்காரர்."

"தெரிஞ்சவரா?"

"இல்லைப்பா. டீச்சர்தான் கூட்டிட்டு வந்தாங்க."

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பதறாமல் சொன்னாள். அவன் சொல்லிக் கொடுத்த பாடம். சத்தம் கேட்டு ஓடிவந்த டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சில்லு கண்ணாடியை அழுத்தியபடி குனிந்தே இருந்தான். கையை எடுத்தால் கண்ணாடி சரிந்து விழும்.

"இந்தப் புள்ளைக்கு அப்பா இல்லைப்பா," என்றார் மரக்கடைக்காரர், குரலைத் தணித்து. "காய்ச்சல்ல போயிட்டாரு."

"பாவம்ங்க," என்றான் சில்லு.

"அப்பான்னு சத்தம் கேட்டதும் என்னம்மான்னு கேட்ட பாரு, அது மனசைத் தொட்டுடுச்சு. உனக்குப் புள்ளைங்க இருக்கா?"

இருக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொண்ணு, ஊரில் பாட்டி வீட்டில் படிக்கிறது என்று ஏதாவது அளந்திருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பயந்தவன் வாய் கேட்டதற்கு மேல் பொய் சொல்லும். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று அடுத்த கேள்வி வந்துவிடுமே என்று அவன் முந்திக்கொண்டான்.

"இல்லீங்க. எனக்குப் புள்ள இல்லை."

பாப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பார்க்காத மாதிரி கடந்துபோகப் பழகியவள், அந்தப் பழக்கத்தையெல்லாம் மறந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு உதடு கோணியது. அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"அடடா, அப்பா ஞாபகம் வந்துடுச்சு!" என்று மரக்கடைக்காரர் அவளை வாரித் தூக்கிக்கொண்டார். "அழாதம்மா, நான் இருக்கேன். டீச்சர், உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். திங்கட்கிழமை மேடையிலேயே அறிவிச்சிடறேன். இவ படிப்பு முடியற வரைக்கும் என் செலவு. இவ எந்த வகுப்புக்குப் போறாளோ அந்த வகுப்புக்கு என் நன்கொடையும் கூடவே போகும். காலேஜ் வரைக்கும் இவ என் பொண்ணு." சில்லுவிடம் திரும்பி, "நீயே சொல்லுப்பா, புள்ள இல்லாத உனக்குத்தான் அருமை தெரியும். நான் செய்றது சரிதானே?" என்றார்.

"சரிதாங்க," என்றான் சில்லு.

அழுகிற பிள்ளைக்குப் புது ஷூ வாங்கித் தருகிறேன் என்று அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சில்லு அப்படியே அழுத்திக்கொண்டு நின்றான். டேப் இல்லை. பசை தானாகப் பிடிக்கும்வரை நிற்க வேண்டியதாயிற்று. மூக்கில் ஒழுகியதைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"நல்லவேளை, அழகாச் சமாளிச்சீங்க," என்றார் டீச்சர், நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டு. பிறகு, "ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கூலியை உங்க நன்கொடையா வெச்சுக்கலாமா? உங்க பொண்ணு படிக்கிற வகுப்புதானே. பேர் மட்டும் போர்டுல போட முடியாது, உங்களுக்கே தெரியும்."

"வெச்சுக்குங்க டீச்சர்," என்றான்.

தொட்டி ஒழுகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கண்காட்சியில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் சில்லு வீட்டுக்கு வந்தபோது பாப்பா புது ஷூவோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மனைவி பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவள் குனிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சில்லு பாப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஷூ நல்லா இருக்கே! கடிக்குதா?" என்றான்.

"நீ ஏன் புள்ள இல்லைன்னு சொன்ன?"

சில்லு சிரிக்கப் பார்த்தான். "நீயும்தான் அப்பா இல்லைன்னு சொன்ன. இதும் அது மாதிரிதாம்மா. சும்மா, ஒரு பேச்சுக்கு."

"என்னை டீச்சர் சொல்லச் சொன்னாங்க. நீயும் சொல்லச் சொன்ன. நான் சொன்னேன்." பாப்பா விரலை நீட்டி அவனைக் காட்டினாள். "உன்னை யார் சொல்லச் சொன்னாங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "புள்ள கேக்குறாள்ல, சொல்லுங்க," என்றாள்.

பாப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். நிஜமாகவே ஏதோ ஒரு பதில் இருக்கும் என்று நம்பித்தான் காத்திருந்தாள். பிறகு எழுந்து அம்மாவிடம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் அவனோடு பேசாமல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், தண்ணீர் கேட்டால் மொண்டு கொடுத்தாள், சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.